போலியோ: சொட்டா, ஊசியா?

குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளருமான டி. ஜேக்கப் ஜான், வேலூர் சிஎம்சியில் இருந்து பல ஆண்டுகள் விடாமல் எழுப்பிய கேள்வி இது.

சொட்டு மருந்து மலிவு. நாக்கில் இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை, அவ்வளவுதான். குடலிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டாவதால் பரவலும் குறையும். இந்தியாவில் 2011-க்குப் பிறகு இயற்கை போலியோ வைரஸ் எந்தக் குழந்தையையும் முடக்கவில்லை என்றால், அதில் பெரும்பங்கு சொட்டுக்குத்தான். ஆனால் அதில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். மிக அபூர்வமாக அதுவே வாதத்தை வரவழைத்துவிடும். நம் ஊர்க் குழந்தைகள் பலருக்கு மூன்று தவணை போதவில்லை என்பதையும் அவரது ஆய்வுகள் காட்டின.

ஊசியில் அந்த ஆபத்தே இல்லை. விலை கூடுதல், குடலில் காப்பு குறைவு. சரி, இருக்கட்டும். காக்க வந்த மருந்தால் ஒரு பிள்ளைக்குக்கூடக் கால் போகக் கூடாது; என் ஓட்டு ஊசிக்கே. 2015 முதல் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அதுவும் இருக்கிறது.