ஒரு ஜிப்பை நம்பிய பீரோ

என் மழை ஜாக்கெட் மறுபடியும் ரன்னர் (ஜிப்பை ஏற்றி இறக்கும் பிடி) மாற்றி வந்திருக்கிறது. அது தையற்கடையில் கிடந்த அதே வாரத்தில்தான் கடைக்காரர்கள் அதன் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். போதாக்குறைக்கு, தஞ்சாவூரிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வரும் தோழி ஒருத்தி, "அக்கா, வெளியே மழைக்கோட்டும் உள்ளே ஸ்வெட்டருமாக ஒன்று போட்டிருப்பீர்களே, அதை வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உள்ளே தனி ஸ்வெட்டரை ஜிப்பால் கோத்துத் தருகிற இந்த வகை ஜாக்கெட் எல்லாவற்றின் கட்டமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்குத் தேயிலை அலுவலகத்தில் கணக்கு வேலை. குன்னூரில் குடியிருப்பு, வேலை நிமித்தம் அடிக்கடி கோவைக்கு இறங்க வேண்டும், மழைக்காலத்தில் கூடலூருக்கும் போக வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சத்தில். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கி முடிப்பதற்குள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் குறைந்துவிடும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு, ஆறரை டிகிரி சூடு கூடும் என்று கணக்கிட்டால் காலை ஏழு மணிக்குப் போர்த்திக்கொண்டு ஏறியவள் எட்டரைக்கு வியர்த்துக்கொண்டிருப்பேன். மழையில் கூடலூர் குன்னூருக்கு நேர்மாறு. அங்கே ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது குன்னூரில் தூறலோடு நின்றுவிடும். எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே இந்த மாதத்துக்கு இது வேண்டாம் என்று மூட்டைகட்டிப் பரணில் போட என்னிடம் எந்த உடையும் இல்லை. எல்லாம் எல்லா மாதமும் வேண்டும். அதனாலேயே குறைவாக வைத்துக்கொள்கிறேன்.

ஜாக்கெட் தவிர்த்த மற்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையளவு பருத்தி குர்தாக்கள், எல்லாம் ஒன்றோடொன்று சேரும் நிறத்தில். சேறு தெரியாத கருநிறத்தில் இரண்டு பேன்ட்; பருத்தியில் இல்லை, சீக்கிரம் காயும் செயற்கை இழையில். ஒரு சால்வை. விசேஷங்களுக்குப் புடவை, அதன்மேல் ஸ்வெட்டர். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரா என்று சமவெளிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மார்கழியில் ஒரு முகூர்த்தத்துக்கு இங்கே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் மெல்லிய கம்பளி உள்சட்டை. தடித்த ஸ்வெட்டர் செய்யாததை இது செய்கிறது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் உடம்புக்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி அப்படி இல்லை, கொஞ்சம் வியர்த்தாலே ஒட்டிக்கொண்டு அடுத்த காற்றில் நடுங்கவைக்கும். இதைப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை போய் வந்திருக்கிறேன், புழுங்கிச் சாகவில்லை. இரண்டு, மூன்று நாள் துவைக்காமல் போட்டாலும் நாற்றம் இல்லை. ஆனால் உண்மையான கம்பளியா என்று பார்த்து வாங்க வேண்டும். சந்தையில் உல்லன் என்று விற்பதில் எத்தனையோ அக்ரிலிக் என்ற செயற்கை இழை. தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூலை வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியென்றால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கருப்பு மணியாக இறுகிவிடும். ஊட்டியில் திபெத்தியர்கள் கடையில் நான் இதைச் செய்தபோது அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அக்ரிலிக்தான், அதனால்தான் இந்த விலை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த நேர்மைக்காகவே ஒன்று வாங்கினேன். வீட்டில் போட்டுக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது ஜாக்கெட். வெளியே மழை தாங்கும் மெல்லிய கோட்டு, உள்ளே பஞ்சு போன்ற ஃப்ளீஸ் ஸ்வெட்டர். தனித்தனியாகவும் போடலாம், சேர்த்தும் போடலாம். ஒன்றை வாங்கினால் மூன்று என்று விளம்பரம். மலையேறி இறங்குகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியார் தாண்டும்போது உள்ளே இருப்பதைக் கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையும் ஸ்வெட்டரையும் இணைத்து வைத்திருப்பது இடது, வலது இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து கீழ்வரை ஓடும் ஜிப். அதோடு இரண்டு மணிக்கட்டிலும் பிரஸ் பட்டன் வைத்த சின்ன வார், பிடரியில் இன்னொன்று. ஸ்வெட்டரை மட்டும் கழற்ற முடியாது. முழுவதையும் கழற்றி மடியில் போட்டு, வார்களை அவிழ்த்து, இரண்டு ஜிப்பையும் இறக்கி, உள்ளே புரண்டுகிடக்கும் கைகளை வெளியே இழுக்க வேண்டும். மூன்று பேர் இருக்கையில் நடுவில் நான். ஒரு பக்கத்தில் தூங்கும் பாட்டி, மறுபக்கத்தில் வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கும் சிறுவன். பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்கிறது. இந்த நிலையில் பிரஸ் பட்டன் தேடியவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். மேலே ஏறும்போது காட்டேரி என்ற இடத்துப் பக்கத்தில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் இதையெல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும், அதாவது ஜிப்பின் ஊசி முனையைக் குழிக்குள் சரியாகச் செருக வேண்டும், குளிரில் விறைத்த விரலால். மூன்று உடுப்பு என்கிறார்களே, அது வீட்டில் கட்டிலின் மேல் விரித்துப் போட்டு மாற்றும்போதுதான் மூன்று. பஸ்ஸில் அது ஒன்றே ஒன்று.

ரன்னர் தேய்வதற்கும் இந்த இணைப்புதான் காரணம். ஸ்வெட்டரின் முன்பக்க ஜிப்பில் இருக்கும் ரன்னரே, சேர்த்துப் போடும்போது கோட்டின் உள்பக்கப் பல்லோடும் ஓட வேண்டும். ஒரு ரன்னருக்கு இரண்டு வேலை. நாளடைவில் அதன் வாய் இம்மியளவு விரிந்துவிடும், அது போதும். மேலே இழுத்துக்கொண்டே போவீர்கள், பின்னாலேயே பற்கள் பிரிந்துகொண்டு வரும். மெழுகுவர்த்தி தேய்த்தும் பென்சில் தேய்த்தும் பயன் இல்லை, அவை இறுகிப்போன ஜிப்புக்கான வைத்தியம். குறடால் இரண்டு ஓரத்தையும் மெல்ல அழுத்தினால் சில வாரம் ஓடும், கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் விரிசல் விட்டுப் போய்விடும். தையற்காரர் அவ்வளவு சிரமப்படவில்லை. ரன்னரின் முதுகைத் திருப்பி 5 என்ற எண்ணைப் பார்த்தார், டப்பாவில் துழாவி அதே எண்ணில் ஒன்றை எடுத்தார், மேல் நுனியில் இருந்த தடையைப் பிடுங்கி, புதியதைக் கோத்து, தடை இருந்த இடத்தில் நூலால் நாலு சுற்றுப் போட்டு முடிச்சிட்டார். ஐம்பது ரூபாய். "பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஜிப்பையே மாத்தணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்கம்மா" என்றார். வாங்கிய கடையில் ஜிப்பை முழுவதும் மாற்ற வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அதற்கு ஜாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது. குறைந்த உடை என்றால் துவைத்தது காய்ந்தாக வேண்டும். கார்த்திகை மாத மஞ்சில் பருத்தி குர்தா மூன்று நாள் கொடியில் தொங்கிவிட்டு ஈரமாகவே திரும்பும். பீரோவுக்குள் பூசணம் வேறு. இங்கே பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள், துணி படாமல் கம்பி வலைக்குள் வைத்து. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, வேண்டியது வெளிச்சம் இல்லை, சூடு. மழைக்கோட்டை மட்டும் அங்கே ஈரத்தோடு மடித்து வைக்கக் கூடாது. நீர் புகாமல் தடுக்கும் உள்பக்கப் பாலியூரித்தேன் பூச்சை ஈரக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். பிசுபிசுத்து, ஒரு புளித்த வாடையோடு செதில் செதிலாக உரியத் தொடங்கும். மென்மையாக்கும் திரவத்தில் அலசினாலும் கெட்டது, மழைத்துளி முத்தாக உருளாமல் துணியில் ஊறிவிடும்.

நியாயமாகச் சொன்னால் அந்தக் கோட்டு ஒருநாளும் என்னை நனையவிட்டதில்லை. கூடலூர் வழியில் உள்ள நடுவட்டத்தில் பஸ் பழுதாகி நின்ற ஓர் ஆடி மாலையில், காற்று மழையைப் படுக்கைவாட்டில் அடித்தது. குடை பிடித்தவர்களின் குடைகள் எல்லாம் மேல்நோக்கி விரிந்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்தேன், மேலே ஒரு துளி இறங்கவில்லை. தையல் ஓரமெல்லாம் உள்ளே பட்டை ஒட்டி அடைத்திருக்கிறார்கள். ஸ்வெட்டரும் தனியாகப் பார்த்தால் அருமை, சீக்கிரம் காய்கிறது, இத்தனை துவைத்தும் உருண்டை கட்டவில்லை. இரண்டும் முதல் தரம். இணைத்த இடம்தான் கேடு.

தோழிக்கு என் பதில், வாங்காதே. பாதி விலை என்றாலும் வாங்காதே. மழைக்கோட்டைத் தனியாக, ஒரு சுற்றுப் பெரிய அளவில் வாங்கு. ஸ்வெட்டரை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். பர்லியாரில் ஒன்றைக் கழற்றிப் பையில் திணிக்க ஒரு கை போதும். மிச்சப்பட்ட பணத்தில் கம்பளி உள்சட்டை இரண்டு வாங்கு, ஒன்று காயும்போது இன்னொன்று.

என்னுடையதை என்ன செய்யப்போகிறேன் என்றும் கேட்டாள். போன வாரம் கோவை நாத்தனார் பிள்ளைகளோடு ஊட்டி போகிறேன், இரண்டு நாள் கொடு என்றார். ரன்னர் இப்போதுதான் மாற்றியிருக்கிறது, வேறு கை பட்டால் கெட்டுவிடும் என்று சொல்லி அந்த அக்ரிலிக் ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பினேன்.