வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், யாரிடம் போவது?

என் தம்பியை சேலம் பக்கத்து மில் ஒன்றில் விசாரணைகூட வைக்காமல் நிறுத்தினார்கள். வீட்டில் முதலில் எழுந்த பேச்சு, "நம்ம மாமா பையன் வக்கீல்தானே, அவன்கிட்டயே குடுத்துடலாம்" என்பதுதான். நாங்களும் அப்படியே செய்தோம்.

அவர் நல்லவர், ஒரு பைசா வாங்கவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாகப்பிரிவினையும் நிலத் தகராறும். மில்லுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது, பதில் வரவில்லை, மூன்று மாதம் வீணானது. இந்த மாதிரி வழக்கு முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போக வேண்டும், அந்த மேஜையில் எந்தத் தரப்புக்கும் வக்கீல் உட்கார முடியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சொந்தக்கார வக்கீல் என்றால் பீஸ் மிச்சம்தான், ஆனால் நாள் போய்விடும்.

அந்த மேஜையில் நமக்காகப் பேசக்கூடியவர் தொழிற்சங்கத்துக்காரர். மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதுவது, வெள்ளைத் தாளில் ஏன் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு குறை உண்டு: நிர்வாகத்தோடு வேறு பேச்சுவார்த்தை ஓடும்போது நம் ஒற்றை ஆள் வழக்கு பின்னால் தள்ளப்படலாம். இருந்தாலும் சமரசக் கட்டத்துக்கு சங்கம்தான் என் தேர்வு.

சமரசம் முறிந்தால் லேபர் கோர்ட். எதிர்த்தரப்பு சம்மதித்து கோர்ட்டும் அனுமதித்தால்தான் அங்கே வக்கீல் ஆஜராகலாம். மில் தரப்புக்கும் வக்கீல் தேவை என்பதால் பெரும்பாலும் இது சிக்கலாவதில்லை. தினமும் அந்தக் கோர்ட்டில் நிற்கிறவரைத்தான் பிடிக்க வேண்டும். நாங்கள் கடைசியில் போய்ப் பார்த்தவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நியமன உத்தரவு, பிஎஃப் பாஸ்புக், ஈஎஸ்ஐ அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொரு தேதியையும் பென்சிலால் வட்டமிட்டு, "சூப்பர்வைசர்னு போட்டிருக்கே, நிஜமா என்ன வேலை செஞ்சீங்க தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் சட்டப்படி 'தொழிலாளி' இல்லை என்று ஆகிவிட்டால் லேபர் கோர்ட் கதவே திறக்காது, அதை முடிவு செய்வது பதவிப் பெயர் இல்லை, செய்த வேலை. அதற்கு முன் பார்த்த ஒருவர், வருகிற பணத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்றார். வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி அதை அனுமதிக்காது, அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இலவச சட்ட உதவியை ஏன் இத்தனை பேர் ஒதுக்குகிறார்கள் என்று எனக்கு வருத்தம். 1987-ம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே உரிமை உண்டு. வக்கீலை நாமே தேர்ந்தெடுப்பது கஷ்டம், அது உண்மை. ஆனால் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்தாலே ஒரு நாள் கூலி போச்சு. பீஸுக்கு எங்கே போவார்? அவர் முதலில் இலவச சட்ட உதவி எண்ணான 15100க்கு போன் போட்டுக் கேட்கட்டும், அதற்கு அப்புறம் பஸ் ஏறலாம்.