பேய்ப்புடலோடு நாலு மழைக்காலம்

நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை வேலியில் சிவப்பாய்த் தொங்கிய பழத்தைக் கோவைப்பழம் என்று நினைத்துப் பறித்து வந்தேன். அம்மா பார்த்ததும், "இது பேய்ப்புடல்டா, இதையெல்லாமா வீட்டுக்குள்ள கொண்டு வருவ" என்றார். சரி, வந்தது வந்துவிட்டது, விதையை ஊன்றிப் பார்ப்போம் என்று ஆரம்பித்ததுதான்.

முதல் வருஷம் 12 விதை ஊன்றியதில் 3 முளைத்தன, அதுவும் மூன்று வாரம் கழித்து. அதற்கப்புறம் நான் விதைக்கவே இல்லை. விழுந்த விதை மழை பெய்ததும் தானாக முளைத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொள்கிறது. உரம் போட்டதில்லை, பந்தலும் போட்டதில்லை.

பூவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பொழுது சாய்கிறவரை மொட்டு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். இருட்டத் தொடங்கியதும் வெள்ளை இதழ் ஐந்தும் விரிந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த நூல் நூலான ஓரங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து நீளும், யாரோ பஞ்சைப் பிரித்துப் போட்ட மாதிரி. மெல்லிய வாசனையும் உண்டு. கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு நின்றால், பெரிய அந்துப்பூச்சி ஒன்று பூவில் உட்காராமல் அந்தரத்தில் சிறகடித்து நின்றபடியே நீளமான குழலை நீட்டித் தேன் குடிப்பதைப் பார்க்கலாம். டார்ச்சை நேராக அடித்தால் ஓடிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சுருண்டு வாடியிருக்கும்.

உண்மையைச் சொன்னால், பூ மட்டும் போதுமென்பவர்களுக்கு வீட்டுப் புடலையே போதும், அதுவும் இப்படித்தான் ராத்திரியில் பூக்கும். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம், டிரைக்கோசாந்தஸ் குகுமரினா, நாம் சமைக்கிற புடலை அதில் ஒரு வகை. இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் வருஷம் அதே வேலியில் புடலையும் போட்டேன், காய் நன்றாகவே இருந்தது, அதிலிருந்து விதையும் எடுத்து வைத்தேன். அடுத்த வருஷம் அந்த விதையில் காய்த்தது குட்டையாக, கசப்பென்றால் அப்படியொரு கசப்பு, கூட்டு முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. கசப்பான பேய்ப்புடலின் மகரந்தம் அதில் கலந்திருக்கிறது. கசக்கிற புடலையைத் தெரியாமல் தின்றால் வாந்தியும் பேதியும் வரும், அதனால் வீணாகிறதே என்று ஒரு வாய்கூடச் சாப்பிடாதீர்கள். இப்போது புடலை விதையைக் கடையில்தான் வாங்குகிறேன்.

அப்படியும் இந்தப் பேய்ப்புடலை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், பழத்துக்காகத்தான். பச்சையில் வெள்ளை வரி போட்ட காய், மார்கழியில் ஆரஞ்சும் சிவப்புமாகப் பழுத்துக் காய்ந்த கொடியில் வரிசையாகத் தொங்கும்போது கொண்டைக்குருவிகள் வந்து கொத்திப் பிளக்கும், உள்ளே இன்னும் சிவப்பு.

பூச்சித் தொல்லை இருக்கிறது. முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட பச்சைப் புழு இலையைச் சுருட்டிக்கொண்டு தின்னும், புள்ளிவண்டு இலையைச் சல்லடையாக்கும். நான் மருந்து அடிப்பதில்லை, கொடி எப்படியும் மீண்டுவிடுகிறது. தொட்டியில் வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. மாடித் தோட்டக்காரர்கள் விட்டுவிடலாம்.

தை மாசம் காய்ந்த கொடியை இழுத்துப் போடும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் அன்றைக்குப் பிசைந்த ரசம் சோறு கசந்தது.