ட்ரை ஃபுட்டா பவுச்சா வீட்டு சாப்பாடா, மணலா பென்டோனைட்டா டோஃபுவா: பூனைக்கு எதை வச்சு முடிவு பண்றது

புதுசா பூனை வளர்க்கிறவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி ரெண்டு தான், என்ன சாப்பாடு போடலாம், எந்த லிட்டர் (பூனை ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற பாக்ஸ்ல நிரப்பற மணல் மாதிரி பொருள்) வாங்கலாம். பெரும்பாலும் விலையும் நாத்தமும் பாத்து தான் முடிவு பண்றாங்க. நான் ரெண்டுக்குமே ஒரே விஷயத்தை தான் மொதல்ல பாப்பேன், அது பூனையோட யூரின். சாப்பாடு வழியா தண்ணி எவ்ளோ உள்ள போகுது, அது எவ்ளோ வெளிய வருதுன்னு லிட்டர்ல நம்ம கண்ணுக்கு தெரியுதா. ஆண் பூனை வச்சிருக்கவங்க இதை கண்டிப்பா பாக்கணும்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா ஆண் பூனைக்கு யூரின் போற குழாய் நுனில ரொம்ப குறுகலா இருக்கும், சின்ன சின்ன உப்புத் துகளும் சளி மாதிரி கசடும் சேந்து அங்க அடைச்சுக்கும். அடைச்சா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நின்னு போகும், ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடலாம். கொடுமை என்னன்னா பூனை பாக்ஸ்ல போய் உக்காந்து உக்காந்து முக்கும், வீட்ல இருக்கவங்க மலச்சிக்கல்னு நினைச்சு நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டுடுவாங்க.

பூனையோட பூர்வீகம் ஆப்பிரிக்க காட்டுப்பூனை, வறண்ட நிலத்துல இரையோட உடம்புல இருக்கிற ஈரத்துலயே ஓட்டின இனம், அதனால தாகம் தெரியறதே கம்மி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சுமாரா 200 மில்லி தண்ணி போகணும். ட்ரை ஃபுட்ல ஈரம் 10 சதவீதம் தான், அந்த பூனைக்கு தேவையான 60 கிராம் போட்டா அதுல இருந்து கிடைக்கிற தண்ணி ஆறு மில்லி தான். பவுச்ல, அதாவது கவர்ல அடைச்சு வர்ற ஈர சாப்பாட்டுல, 75, 80 சதவீதம் தண்ணி, 200 கிராம் சாப்பிட்டாலே 150 மில்லிக்கு மேல உள்ள போயிடும். ட்ரை சாப்பிடற பூனை கிண்ணத்துல அதிகமா குடிக்கும் தான், ஆனா மொத்தக் கணக்குல பவுச் சாப்பிடற பூனையை எட்டாது.

அதுக்காக ட்ரை ஃபுட்டை தூக்கிப் போடச் சொல்லல. காலைல ஆபீஸ் போய் ராத்திரி வர்றவங்களுக்கு வேற வழி இல்ல, நம்ம ஊர் வெயில்ல பவுச்சை பிரிச்சு வச்சா ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ரெண்டு, அதுக்கு மேல கெட்டுப் போயிடும். செலவும் இருக்கு. 85 கிராம் பவுச் ஒண்ணுல 60ல இருந்து 80 கலோரி தான், நாலு கிலோ பூனைக்கு 200ல இருந்து 250 வேணும், அப்போ ஒரு நாளைக்கு மூணு நாலு பவுச்னு மாசக் கணக்கு போட்டு பாருங்க, ரெண்டு மூணு பூனை இருக்கிற வீட்டுக்கு அது கட்டுப்படியே ஆகாது. பல்லுக்கு ட்ரை நல்லதுன்னு சொல்வாங்க, சாதாரண ட்ரை ஃபுட்டால பெருசா பல் சுத்தமாகிறது இல்ல, அதை ஒரு காரணமா எடுத்துக்காதீங்க. லூஸ்ல கிலோ கணக்குல விக்கிறதை வாங்கவே வாங்காதீங்க, எப்போ பிரிச்ச மூட்டை எப்போ எக்ஸ்பைரின்னு ஒண்ணும் தெரியாது, நம்ம ஊர் ஈரக் காத்துல அதுல இருக்கிற கொழுப்பு சிக்கு வாடை அடிச்சிடும். எறும்புக்கு ஒரு அகலமான தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல கிண்ணத்தை வச்சா போதும், மருந்து எதுவும் தூவாதீங்க.

பவுச் வாங்கும்போது இன்னொண்ணு பாக்கணும். கவர்ல கம்ப்ளீட்னு போட்டிருந்தா தான் அது முழு சாப்பாடு, காம்ப்ளிமென்ட்டரின்னு போட்டிருந்தா அது தொட்டுக்க மட்டும் தான். க்ரீம் ட்ரீட், வெறும் டூனா மீன் டின் எல்லாம் பெரும்பாலும் ரெண்டாவது வகை, பூனைக்கு உயிரா பிடிக்கும், அதையே வயித்துக்கு போட்டு வளர்த்தா சத்துக் குறைபாடு வந்திடும். பூனைக்கு நாய் சாப்பாடு போடறதும் இதே கதை தான்.

அடுத்தது வீட்டு சாப்பாடு, நம்ம வீடுகள்ல காலம் காலமா போடற மீன் சோறும் பால் சோறும். இதுல நான் கொஞ்சம் கறாரா தான் பேசுவேன். பூனைக்கு டாரின்னு ஒரு சத்து சாப்பாட்டுல இருந்தே வந்தாகணும், உடம்பு அதை தேவையான அளவு செஞ்சுக்காது. அது குறைஞ்சா கண்ணு கெட்டுப் போகும், இதயம் வீங்கி பலவீனமாகும். 1987ல அமெரிக்கால பால் பயான்ங்கிற கால்நடை டாக்டர் குழு இந்த இதய நோய்க்கு டாரின் குறைவு தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் தான் கம்பெனிங்க பூனை சாப்பாட்டுல அதோட அளவைக் கூட்டினாங்க, கம்பெனி சாப்பாட்டுலயே குறைஞ்சிருந்ததுன்னா சோத்துல என்ன இருக்கப் போகுது. அதுலயும் டாரின் தண்ணில கரையிற சத்து, சிக்கனை வேக வச்சு தண்ணியை கீழ ஊத்தினா அதுல நிறைய போயிடும், அந்த தண்ணியையும் சேத்து கொடுங்க. ஆனா உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. குழம்புல கிடந்த மீனை கழுவிப் போட்டாலும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். மத்தி, நெத்திலி எல்லாம் பச்சையா தொடர்ந்து போட்டா அதுல இருக்கிற ஒரு நொதி பி1 சத்தை அழிச்சிடும், வேக வச்சா அந்த பிரச்சனை இல்ல, ஆனாலும் மீனை மட்டுமே நம்பி வளர்க்கக் கூடாது. பால் பெரும்பாலான வளந்த பூனைக்கு செரிக்காது, பேதி ஆகும்.

என் தீர்ப்பு: காலைல ஒரு பவுச், ராத்திரி ஒரு பவுச், ரெண்டுலயும் ரெண்டு மூணு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி கலந்து, மிச்சத்துக்கு அளந்து வச்ச ட்ரை ஃபுட். வேக வச்ச சிக்கன் மொத்த சாப்பாட்டுல பத்துல ஒரு பங்கு. ஒரு பவுச் தான் முடியும்னா அந்த ஒண்ணை விட்டுடாதீங்க, ட்ரைலயும் தண்ணி ஊத்தி ஊற வச்சு கொடுங்க.

லிட்டருக்கு வருவோம். பக்கத்துல கட்டடம் கட்டற இடத்துல இருந்து மணல் அள்ளிட்டு வர்றவங்க நிறைய பேர். காசு இல்ல, பூனைக்கும் பிடிக்கும், ஆனா தெருப் பூனைங்க அதுல தான் போயிருக்கும், புழு முட்டையெல்லாம் வீட்டுக்குள்ள வரும். அதை விட பெரிய குறை, யூரின் எல்லாம் அடில இறங்கிடும், எத்தனை தடவை போச்சுன்னு தெரியவே தெரியாது, ரெண்டாவது நாளே அமோனியா நெடி கிளம்பிடும். எம் சாண்ட் இன்னும் மோசம், தூசி.

பென்டோனைட்ங்கிறது ஈரம் பட்டா உப்பி கெட்டியாகிற களிமண், நம்ம நாட்டுலயே குஜராத் கட்ச் பக்கம் தோண்டி எடுக்கிறாங்க. யூரின் பட்ட இடம் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையா கட்டிக்கும், அப்படியே அள்ளிடலாம். எனக்கு இதுல பிடிச்சதே அந்த உருண்டை தான், எண்ணலாம் இல்லையா. நல்லா இருக்கிற பூனை ஒரு நாளைக்கு ரெண்டுல இருந்து நாலு உருண்டை போடும். திடீர்னு குட்டி குட்டியா ஏழெட்டு இருந்தா எரிச்சலோ அடைப்போ ஆரம்பிக்குது. ஒண்ணுமே இல்லாம பூனை பாக்ஸ்க்கும் வெளியவுமா அலைஞ்சா, கத்தினா, அடிப்பக்கத்தை நக்கிக்கிட்டே இருந்தா அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட கிளம்புங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. வலிக்குதேன்னு பாரசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம். பெருசா திடீர் திடீர்னு உருண்டை கூடினா சர்க்கரை, கிட்னி பாக்கச் சொல்லி டெஸ்ட் எடுங்க. இதெல்லாம் வேற எந்த லிட்டரும் இவ்ளோ தெளிவா காட்டாது. குறைன்னு பாத்தா வெயிட்டு, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்கு பத்து கிலோ தூக்கணும், அப்புறம் தூசி, மூச்சுத் தொந்தரவு இருக்கிற பூனைக்கு ஒத்துக்காது. டாய்லெட்ல கொட்டினா பைப்புக்குள்ளயே உப்பி அடைச்சிடும். பாலை மறக்காத சின்னக் குட்டிங்க லிட்டரை வாய்ல போடும், அதுங்களுக்கு கட்டிக்காத வகை தான்.

டோஃபு லிட்டர் சோயா சக்கைல செய்யிறது. லேசு, தூசி கம்மி, காலோட ஒட்டி வீடு பூரா வர்றதும் கம்மி, உருண்டையும் கட்டும், ஆனா கொஞ்சம் குழகுழன்னு இருக்கும், அள்ளறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் விடணும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழைல மூட்டையை திறந்து வச்சா பூஞ்சை பிடிக்கும், வண்டும் வரும், மூடி போட்ட டப்பா கண்டிப்பா வேணும். டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு கவர்ல போட்டிருக்கும், செப்டிக் டேங்க் இருக்கிற வீட்ல வேண்டவே வேண்டாம், குப்பைல போடுங்க. பூனைக்கு ஆஸ்துமா மாதிரி இருந்தா, இல்ல மாடி ஏற முடியாத வயசானவங்க பாத்துக்கிற வீடுன்னா, விலை கூடன்னாலும் நான் இதை தான் சொல்வேன்.

பைன் மரத்தூள் பெல்லட் நாத்தத்தை நல்லா அடக்கும், விலையும் பரவால்ல, ஆனா ஈரம் பட்டா தூளா உதிரும், உருண்டையே இல்ல, பத்து பூனை இருக்கிற ஷெல்டருக்கு ஓகே. சிலிக்கா க்ரிஸ்டலும் அப்படித்தான், ஈரத்தை உறிஞ்சிடும், கணக்கு தெரியாது. வாசனை போட்டது எந்த வகைன்னாலும் தவிர்த்துடுங்க, அந்த நெடிக்கு பூனை பாக்ஸை விட்டு மெத்தைக்கு போயிடும்.

எந்த லிட்டர்னாலும் பாக்ஸ் பெருசா திறந்து இருக்கணும், பூனை எத்தனையோ அதை விட ஒரு பாக்ஸ் அதிகமா வைக்கணும். தினம் அள்ளணும், டாக்ஸோப்ளாஸ்மா கிருமி மலத்துல வெளிய வந்து ஒரு நாளைக்கு மேல ஆனா தான் தொத்தும் நிலைக்கு வரும். கர்ப்பமா இருக்கிற அக்கா தங்கச்சிங்க இந்த வேலையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. பாக்ஸை கழுவ பினாயில், டெட்டால் கூடவே கூடாது, பூனை காலை நக்கும்போது அது உள்ள போய் கல்லீரலை கெடுக்கும். சோப்பும் வெந்நீரும் போதும்.

மாத்தும்போது அவசரப்படாதீங்க. பழைய சாப்பாட்டோட புதுசை கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ஏழுல இருந்து பத்து நாள் எடுத்துக்கோங்க, பசிச்சா தானா சாப்பிடும்னு பட்டினி போட்டு பழக்காதீங்க, பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே, அதுவும் குண்டா இருக்கிற பூனைன்னா, கல்லீரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும். லிட்டரும் அப்படித்தான், பழைய பாக்ஸ் அப்படியே இருக்கட்டும், பக்கத்துல புது லிட்டரோட இன்னொரு பாக்ஸை வச்சு எதுல போகுதுன்னு பாருங்க, அதுவா புதுசுக்கு வந்த அப்புறம் பழசை எடுத்துக்கலாம்.