மக்காச்சோளக் கட்டை பைப்: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை அடைத்துப் பிடிக்கும் பைப்புக்குப் பழகுகிறவர் எடுத்த எடுப்பிலேயே பிரையர் மரத்தில் செய்த பைப்புக்கு நூறு டாலர் கொடுக்க வேண்டியதில்லை. மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையில் மிசௌரி மீர்ஷாம் கம்பெனி செய்யும் 'கன்ட்ரி ஜென்டில்மேன்' போதும், இருபது டாலருக்குள் வேலை முடிந்துவிடும். பழக்கம் வந்த பிறகும் அதைத் தூக்கிப் போட மனம் வராது. என்னிடம் பிரையர் பைப்புகள் இருந்தும் சாயங்காலம் கை போவது சோளக்கட்டைப் பக்கம்தான்.

நான் இருப்பது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரின் மேற்குப் புறநகரில். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம், மிசௌரி ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்று ஒரு சிற்றூர். வெள்ளை மாளிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை பைப்தான். 1869-இல் ஹென்றி டிப்பி என்ற டச்சுக்காரர் அங்கே மரக் கடைசல் பட்டறை வைத்திருந்தார். விவசாயி ஒருவர் தன் கையால் செதுக்கிய சோளக்கட்டை பைப்பைக் கொண்டுவந்து, இதேபோல் கடைந்து தர முடியுமா என்று கேட்டதில் தொழில் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். கட்டையின் மேல் இருக்கும் குழிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அடைத்து வழவழப்பாக்கும் முறைக்கு 1878-இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். துருக்கியில் கிடைக்கும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் பணக்காரர்கள் பைப் செய்து பிடித்த காலம் அது. அந்தப் பெயரையே டிப்பி தன் சரக்குக்கும் வைத்தார்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர். கடையில் ஒரு பைப்பை எடுத்து உருட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, நம்ம ஊர்ல அடுப்புல வைக்கிற கட்டைக்கு இந்த விலையா?" என்றார். பருமனைக் கவனித்ததும் பேச்சு மாறியது. "மணி நல்லா பிடிச்சா கட்டை சிறுத்துத்தானே இருக்கணும். இது ஏன் இவ்வளவு மொத்தம்?"

அவர் கேட்டது சரிதான். தானியத்துக்குப் பயிர் செய்கிறவருக்குக் கட்டை வெறும் கழிவு, மெலிந்திருந்தால்தான் லாபம். இங்கே பைப்புக்கென்றே தடித்த, கெட்டியான கட்டை தருகிற ரகத்தை வளர்க்கிறார்கள். மணியை உதிர்த்துவிட்டுக் கட்டையை இரண்டு வருடம் போல உலரவிடுகிறார்கள். அப்புறம்தான் அறுப்பது, துளைப்பது, கடைவது எல்லாம். மாமனாருக்கு பைப்பில் ஆர்வம் போய்விட்டது. விதை கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாடல்கள் நிறைய. விலை குறைந்தவற்றில் ஒன்று 'லெஜண்ட்'. புகையிலை அடைக்கும் அதன் கிண்ணத்துக்கு அடிப்பாகமும் சோளக்கட்டையேதான். கன்ட்ரி ஜென்டில்மேன் பீப்பாய் வடிவம், அடியில் கடின மரத்துண்டு வைத்து அடைத்திருப்பார்கள். அடிப்பக்கம் தீய்ந்து போகாமல் காப்பது அந்த மரத்துண்டுதான், கூடுதல் காசு அதற்கே தகும். 1945 ஆகஸ்டில் ஜப்பானின் அட்சுகி விமானத்தளத்தில் வந்து இறங்கியபோது அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் வாயில் இருந்தாற்போன்ற உயரமான கிண்ணம் வைத்த மாடலும் உண்டு. போட்டோவுக்கு அழகு. ஆனால் பல்லில் கடித்துக்கொண்டு புத்தகம் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஜெனரலின் தாடை வேண்டும்.

பிடிப்பதற்கு எப்படி? பிரையரை முதல் சில நாள் அரைக் கிண்ணம், முக்கால் கிண்ணம் என்று தாஜா பண்ணி, உள்சுவரில் கரிப்பூச்சு ஏற விட வேண்டும். சோளக்கட்டைக்கு அந்த உபசாரமெல்லாம் வேண்டாம், முதல் நாளே நிரப்பிப் பிடிக்கலாம். தொடக்கத்தில் வறுத்த சோளத்தின் லேசான இனிப்பு நாக்கில் தெரியும், போகப் போக மறைந்துவிடும். புகையில் வரும் ஈரத்தைக் கட்டை உறிஞ்சிக்கொள்வதால் அடியில் தண்ணீர் கொளகொளவென்று சத்தம் போடுவது குறைவு. அவசரமாக இழுக்கிற புதியவர்களுக்கு நாக்கு எரியும். இதில் அந்தத் தொல்லையும் கொஞ்சம் மட்டுப்படுகிறது.

புகையிலையில் பர்லி வகைதான் இதற்குப் பொருத்தம். 1907-இலிருந்து வரும் பிரின்ஸ் ஆல்பர்ட் பிராண்ட், அல்லது கார்ட்டர் ஹால் பிராண்ட். இரண்டுமே மருந்துக்கடையில் விற்கும் சாதாரணப் புகையிலை என்று இங்குள்ள மேதாவிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். விறகுப் புகையில் வாட்டிய லட்டாக்கியா என்ற புகையிலை கலந்ததைப் பிரையரில் ஒருமுறை பிடித்தால் வாசனை விலக நாளாகும். அதற்கென்று தனியாக ஒரு சோளக்கட்டை வைத்துக்கொண்டால் செலவும் இல்லை, சண்டையும் இல்லை.

ஒரு குறை சோளக்கட்டை பைப்புகளுக்குப் பொதுவானது. கிண்ணத்தையும் வாய்க்குழாயையும் இணைக்கும் மரக்கழுத்தின் நுனி கிண்ணத்துக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு அந்த இடத்துக்கு வந்தால் பச்சை மரம் எரியும் கசப்பு. ஆரம்பத்தில் கடைசி கால் பங்கை விட்டுவிடுங்கள். பொறுமை இருந்தால் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, அந்த நுனி மட்டம் வரை அடியில் பூசி நன்றாகக் காயவிடலாம். கூடவே வரும் காகித ஃபில்டரை நான் போடுவதில்லை, புகை மந்தமாகிறது. பைப் சூடாக இருக்கும்போது வாய்க்குழாயைத் திருகிக் கழற்ற வேண்டாம், கழுத்து ஆட்டம் கண்டுவிடும். ஆறியபின் பைப் கிளீனரை ஒருமுறை விட்டு எடுத்தால் போதும்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பெயர் தெரியாத சரக்கைத் தொடாதீர்கள். நான் வாங்கியதில் கிண்ணத்துக்குள்ளேயும் வார்னிஷ் அடித்திருந்தார்கள். பற்றவைத்ததும் பெயின்ட் கடை நாற்றம், நேரே குப்பைக்குப் போனது.

புகையை உள்ளே இழுக்காததால் ஆபத்தில்லை என்று பைப்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். நிகோட்டின் வாய் வழியாகவே ஏறும், வாய்ப்புற்று நோயும் வரும். ஏற்கெனவே புகைப் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன், பழக்கமில்லாதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டாம். அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழே என்றால் கடையில் தரவும் மாட்டார்கள்.

நாளடைவில் சுவர் கருகி மெலிந்துவிடும், பிரையர் போல் பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற சொத்து இல்லை இது. கிண்ணத்தை எறிந்தாலும் வாய்க்குழாயை எடுத்துக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், அதே கம்பெனியின் பெரும்பாலான மாடல்களுக்குப் பொருந்தும்.