இன்டர்வலா, டெம்போவா? வேகம் கூட்ட எது உதவும்?

வாரம் மூன்று நாள் ஓடுகிறீர்கள், ஆனால் நேரம் மட்டும் குறையவே இல்லை. எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதுதான் பெரும்பாலும் காரணம். இதை மாற்ற இரண்டு வழிகள் உண்டு.

இன்டர்வல் என்றால் 400 மீட்டரை வேகமாக ஓடி, இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தோ ஓடியோ மூச்சை மீட்டு, மறுபடி ஓடுவது. ஆறு முறை போதும். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு இதில் உயரும். செக்கோஸ்லோவாக்கியாவின் நெடுந்தூர ஓட்டக்காரர் எமில் சாடோபெக் இப்படி 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். ஆனால் கெண்டைக்கால், தொடையின் பின்தசை இரண்டுக்கும் சுமை அதிகம். முதல் சுற்றிலேயே முழு பலத்தையும் கொட்டிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கடைசிச் சுற்றும் முதல் சுற்றின் நேரத்திலேயே முடிய வேண்டும்.

டெம்போவில் நிறுத்தம் கிடையாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் 20 நிமிடம் ஓட வேண்டும். ஓரிரு சொல் பேசலாம், முழு வாக்கியம் வராது. அதுதான் சரியான அளவு. கடுமையாக ஓடும்போது தசைகளில் உருவாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் வேகமாகச் சேரத் தொடங்கும் எல்லை தள்ளிப்போவதால், அதே வேகத்தில் கூடுதல் தூரம் போக முடியும்.

புதிதாக வேகப் பயிற்சி தொடங்குபவர்களுக்கு நான் டெம்போவைத்தான் சொல்வேன், அதிலும் 10 கிலோமீட்டர் இலக்கு என்றால் கண்டிப்பாக. ஆறு வாரம் போன அப்புறம், 5 கிலோமீட்டர் நேரத்தைக் குறைக்க இன்டர்வலுக்கு மாறலாம். எதுவானாலும் வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாட்களில் மெதுவாகவே ஓடுங்கள்.