தேக்குத் திவான்: உட்கார நன்று, சாயத் திண்டு வேண்டும்

முதுகுச் சாய்வில்லாத இந்தத் தேக்குத் திவான், ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டு, பகலில் இருக்கையாகவும் இரவில் விருந்தினருக்குக் கட்டிலாகவும் எங்கள் கூடத்தில் பயன்படுகிறது. கால்கள் சட்டத்தில் துளையிட்டுச் செருகப்பட்டிருப்பதால், மூன்று பேர் சேர்ந்து அமர்ந்தாலும் ஆட்டமோ கிறீச்சொலியோ இல்லை. அடிப்பெட்டியைத் திறக்க மெத்தையையே தூக்க வேண்டியிருப்பதுதான் தொல்லை. பக்கவாட்டில் இழுப்பறை வைத்திருக்கலாம்.

வாங்குவோர் 'திவான்' என்ற பெயரில் கவனமாக இருக்க வேண்டும். மரச்சாமான் கடையில் திவான் என்றால் இந்த இருக்கை. ஜவுளிக்கடையில் 'திவான் செட்' என்றால் விரிப்பும் திண்டு உறைகளும் மட்டுமே. இங்கிலாந்திலோ மெத்தைக்கு அடியில் வைக்கும், துணி போர்த்திய பெட்டிக் கட்டிலுக்கு அப்பெயர்.

பாரசீகத்தில் கணக்கேட்டையும் அலுவலகத்தையும் கவிதைத் தொகுப்பையும் குறித்த இச்சொல், உதுமானியப் பேரரசில் அமைச்சர்கள் கூடும் அவையைக் குறித்தது. அத்தகைய கூடங்களில் சுவரோரமாக இடப்பட்ட தாழ்ந்த மெத்தை இருக்கைகளுக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று. நம் பக்கத்தில் அது சமஸ்தானத் தலைமை அமைச்சரின் பதவிப் பெயராகவும் நிலைத்தது: சர் சி. பி. ராமசாமி ஐயர் 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தார். (அந்தத் திவானுக்கு நாற்காலியில் சாய்வு இருந்திருக்கும்.)

சுவரை ஒட்டிப் போட்டு, இலவம்பஞ்சுத் திண்டுகள் இரண்டைத் தனியே வாங்கிச் சேர்த்துக்கொண்டால், கொடுத்த விலைக்கு இது தகும். முதுகுவலி உள்ள முதியவர்கள் நெடுநேரம் அமர்வதற்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.